இருட்டுப் பெட்டியும் ஒரு கைராசியும்

அந்தத் தொட்டியில் இருந்த மீன்களைக் கொன்றவன் நான். துரைசாமி அல்ல... நான்!

எழுதிவிட்டேன். எழுதிய கையோடு எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டும் வந்தேன். யாருக்குப் பயந்து பார்த்தேன்? உங்களுக்கா? நீங்கள் துரைசாமியை அறியமாட்டீர்கள். அறிந்திருந்தால் இதற்கு மேல் ஒரு வரி படிக்க மாட்டீர்கள்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருப்பவர் அவர். நான் தையல் மெஷின் மெக்கானிக். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். யாரிடமும் தொழில் கற்றவனில்லை. கழற்றிக் கழற்றியே கற்றேன். வயதில் மூத்தவர் என்பதால் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பேன். "என்னைய மளிகைக் கடைக்காரனாவே ஆக்கிப்போட்டீங்க" என்று சிரிப்பார்.

அவருக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கைராசிக்காரர்! எங்கள் வட்டாரத்தில் எவர் புது யூனிட் தொடங்கினாலும், பூஜை முடிந்ததும் முதல் துணியை மெஷினில் ஓட்டிக்கொடுக்கத் துரைசாமியைத்தான் கூப்பிடுவார்கள். காசு வாங்கமாட்டார். ஒரு காப்பி குடிப்பார். "நல்லா ஓடட்டுமுங்க" என்பார். அவ்வளவுதான். அவர் ஓட்டிய மெஷின் நின்றதில்லை என்று பேச்சு. நின்ற மெஷின்களைச் சரிசெய்தவன் நான் என்பது வேறு விஷயம். ஆனாலும் நானும் நம்பினேன்! அந்த மனிதரைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

அவருடைய அலுவலக அறையில் ஒரு உப்புநீர்த் தொட்டி இருந்தது. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு, நீல மீன் ஒன்று, பெயர் தெரியாத சில. காலையில் முதலில் அவற்றோடு பேசிவிட்டுத்தான் தையல் பக்கம் வருவார். "மொதலாளி மீனுக்குச் சோறு போட்டாச்சு, இனி நமக்கு டோஸ் போட வருவாரு" என்று ஓவர்லாக் அடிக்கும் பெண்கள் கிண்டலடிப்பார்கள்.

பனியன் யூனிட்டில் காற்றே பஞ்சுதான். அது தண்ணீரில் இறங்கி இறங்கித் தொட்டி எப்போதும் மங்கலாகவே கிடந்தது. அப்போதுதான் நான் என் வாயைத் திறந்தேன்... ஏன் திறந்தேன்!

மொபைலில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். தொட்டிக்குக் கீழே இன்னொரு கண்ணாடிப் பெட்டி. வெளிப்புறம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். மேலே இறுக்கமான மூடி. மேல்தொட்டி நீர் ஒரு மெல்லிய குழாய் வழியே நிதானமாக உள்ளே இறங்கும். சின்ன மோட்டார் அதைத் திருப்பி மேலே அனுப்பும். உள்ளே கடல் பாறைத் துண்டுகள். அந்த இருட்டில், யாரும் தொடாமல் விட்டால், பாறைமேல் கடற்பஞ்சு தானாகவே படரும். அது செடியல்ல, உயிர். உடம்பெல்லாம் துளைகள். அவற்றின் வழியே நீரை இழுத்து, அழுக்கைத் தின்று, தெளிவாக்கித் தரும். வெளிச்சம் அதற்கு வேண்டாம். காற்று மட்டும் படவே கூடாது. துளைக்குள் காற்று புகுந்துவிட்டால் வெளியேறாது, கடற்பஞ்சு உள்ளிருந்தே அழுகி நீரையும் நஞ்சாக்கிவிடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பதைக் கவனியுங்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

முதல் பாறையை அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். "கைராசி இதுக்குஞ் செல்லுமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தார்.

"அண்ணாச்சி, இனி இதத் தெறக்கப்பிடாது, கேட்டியளா? இருட்டுலயே கெடக்கட்டும். நாம மறந்துரணும்."

"நானெங்கீங்க தெறக்கப் போறேன்? நீங்க தெறக்காம இருந்தாச் சேரி!"

என்னை எப்படி அறிந்து வைத்திருந்தார் பாருங்கள்!

மாதங்கள் போயின. நீர் மெல்லத் தெளிந்தது. துரைசாமி ஒருநாளும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நானோ, பெல்ட் மாட்ட, எண்ணெய் ஊற்ற என்று அங்கே போனபோதெல்லாம் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள், வெள்ளை, செங்கல் நிறம்... பெரிய பாறை முழுவதும் மெத்தையாகப் படர்ந்திருந்தது. நான் உண்டாக்கியது! பார்க்காமல் எப்படி இருப்பது? மூடியதை நம்பத் தெரியாத பிறவி நான். எந்த மெஷினையும் திறந்து, தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் மனம் அடங்கும்.

அன்று மதியம் அவர் சாப்பிடப் போயிருந்தார். மூடியைத் திறந்தேன். கடற்பஞ்சின் மேல் பனியன் பஞ்சு ஒரு இழை ஒட்டியிருந்தது. மெல்லிய, சாம்பல் நிற இழை... அவ்வளவே. கை தானாக உள்ளே போயிற்று. பாறையை வெளியே எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். பிறகு... ஊதினேன்!

ஆமாம், வாயால் ஊதினேன். தையல் மெஷினின் லூப்பரில் அடைத்த பஞ்சை நாள் முழுவதும் ஊதுகிற வாய் இது. பஞ்சைக் கண்டால் ஊதும். ஒருமுறை அல்ல, இழை போகும்வரை ஊதினேன். போயிற்று. திருப்தியோடு பாறையை உள்ளே வைத்து மூடினேன். மூடியபிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதே அந்தப் பாறையை அப்புறப்படுத்தியிருந்தால் மீன்கள் பிழைத்திருக்கும். சொல்ல வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, மேல்தொட்டியில் சாய்ந்திருந்த ஒரு கல்லைத் துரைசாமி கைவிட்டு நிமிர்த்தியிருக்கிறார். அதற்கடுத்த நாள் எனக்குப் போன் வந்தது. போனேன். தொட்டி நீர் அரிசி கழுவிய தண்ணீர்போல் கலங்கிக் கிடந்தது. மீன்கள் எல்லாம் மேலே மிதந்தன.

தண்ணீர் வாங்கிவர ஆளனுப்ப அவர் வாசல் பக்கம் நகர்ந்த சமயத்தில் கீழ்ப் பெட்டியைத் திறந்தேன். நாற்றம்! கடற்பஞ்சு வெண்சளியாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பாறையை வேஸ்ட் துணியில் சுற்றி என் டூல்ஸ் பைக்குள் போட்டு மறைத்தேன்.

திரும்பி வந்தவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க மெக்கானிக்கு... நேத்துக் காலைல நாந்தான் கைய உட்டேன். என்ற கையாலதானுங்களா?"

இங்கேதான் நிற்கிறேன். இன்றுவரை இங்கேயே நிற்கிறேன். இல்லை என்ற ஒரு சொல் போதும். அதுகூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்!

"இருக்கும் அண்ணாச்சி... கையில ஆயிலு கீயிலு இருந்துச்சோ என்னமோ."

அவர் எண்ணெயைப் பற்றி யோசிக்கவில்லை. கையைப் பற்றியே யோசித்தார். அந்த மாதமே அவருக்கு வரவேண்டிய ஒரு ஆர்டர் கைமாறிப் போயிற்று. ஆர்டர் என்றால் வருவதும் போவதும் எப்போதும் உள்ளதுதான். ஆனால் அவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். புது யூனிட்காரர்கள் கூப்பிட்டபோது, உடம்பு சரியில்லை என்றார். பிறகு வெளிப்படையாகவே, "ராசி போயிருச்சுங்க" என்று சொல்லத் தொடங்கினார்.

ஒருநாள் டீக்கடையில் துணிந்து ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, அந்தப் பொட்டி இருக்குல்லா... அதுல ஒரு தப்பு..."

"பொட்டியக் குத்தஞ் சொல்லாதீங்க!" என்று என்னைத் தடுத்தார். "நீங்க எத்தன பாடுபட்டுப் பண்ணிக் குடுத்தீங்க. கை கெட்டுப்போனா பொட்டி என்னங்க பண்ணும்?"

என் வேலைக்காக என்னிடமே வாதாடினார். நான் டீயைக் குடித்தேன்.

போன தை மாதம் அவருடைய மகள் கவிதா சொந்தமாக யூனிட் தொடங்கினாள். மூன்றே மெஷின். மூன்றையும் மாட்டிக் கொடுத்தவன் நான். பூஜை முடிந்ததும் அவள் துணியை எடுத்து நீட்டினாள்.

"அப்பா, ஓட்டுங்கப்பா."

துரைசாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு. ஊரு மெஷினுக்கே வேண்டாங்கறேன். உனக்குப் போயி ஓட்டுவனா?"

"சும்மா வாங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"சொன்னாக் கேளு சாமி."

அவள் கண் கலங்கிவிட்டது. எதிரில் நின்ற எனக்கு அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. துரைசாமி என் பக்கம் திரும்பி, "சித்தப்பன் ஓட்டட்டும். அவுரு கைதான் நல்ல கை" என்றார்.

ஓட்டினேன்! பெடலை மிதித்தேன். தையல் நேராக விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். துரைசாமி அந்தத் துணியை வாங்கி, தையல்மேல் விரல் படாமல் ஓரமாகப் பிடித்துப் பார்த்தார். "அருமையா உழுந்திருக்குது" என்றார்.

கவிதாவின் யூனிட் நன்றாகவே ஓடுகிறது. இன்னும் இரண்டு மெஷின் போட்டுவிட்டாள். அது ஓட ஓட, அன்று கையைக் கட்டிக்கொண்டது சரிதான் என்று அவருக்கு உறுதியாகிறது. அது ஓட ஓட, எனக்கு உட்கார முடிவதில்லை, படுக்க முடிவதில்லை.

உங்களிடம் சொல்லிவிட்டதால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இல்லை. சொல்ல வேண்டிய காது உங்களுடையது அல்லவே!

நேற்று ஒருவர் போன் செய்தார். புதிதாக யூனிட் போடுகிறாராம். "வெள்ளிக்கிழமை நீங்கதானுங்க வந்து மொதத் துணிய ஓட்டிக் குடுக்கோணும். துரைசாமியண்ணந்தான் உங்க பேரச் சொன்னாருங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.