இளமதிக்காக எழுதிய மனு

சிதம்பரம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே குடை கட்டி உட்கார்ந்து மனு எழுதுகிறவர்கள் நான்கு பேர். அவர்களில் பட்டம்மாளிடம்தான் கூட்டம் அதிகம். எட்டாம் வகுப்போடு நின்றவர். பழைய மனுக்களின் நகல்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டார். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று இருபத்தாறு வருஷம் எழுதியாகிவிட்டது. ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவார். காத்திருப்பவர் முணுமுணுத்தால், "அவசரம்னா அடுத்த டேபிளுக்குப் போ சாமி" என்பார். யாரும் போனதில்லை.

குமராட்சிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்குச் சங்கம் கட்டியவர் இளமதி. ஆணுக்குக் கொடுக்கிற கூலியைப் பெண்ணுக்கும் கொடு என்று கேட்டு அந்தப் பெண்கள் நான்கு நாள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் இளமதியைப் பிடித்துத் தடுப்புக்காவலில் வைத்துவிட்டார்கள். வழக்கு விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். "செய்தது தப்பு என்று எழுதிக் கொடுத்தால் வெளியே வந்துவிடலாம்" என்று கூலிப் பேச்சில் எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் தூது அனுப்பினார். எழுதித் தரமாட்டேன் என்று இளமதி சொல்லிவிட்டார்.

விடுதலை கேட்டு ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவது என்று வழக்கறிஞர் ஞானசேகரனும் சங்கத்து அஞ்சுகமும் முடிவு செய்தார்கள். மனுவைப் பட்டம்மாள் எழுதினார். மனுவின் கடைசிப் பத்தி கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று நாளை யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா. குமராட்சி, பரங்கிப்பேட்டை, குடிகாடு என்று மூன்று வாரம் அலைந்து அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்த்தார்கள். திங்கட்கிழமை கடலூரில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். காவலை மறுபரிசீலனை செய்யும் குழு அதற்கு அடுத்த வாரம் கூடுகிறது.

எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. ஆகவே முக்கியமான மனுவை அடுத்த மேசைக்காரர் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று அந்த நான்கு பேருக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவசரத்தில் பட்டம்மாள் அதைத் தள்ளிப்போட்டிருந்தார். வியாழக்கிழமை மத்தியானம்தான் பக்கத்து மேசை அந்தோணிசாமியிடம் மனுவை நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்து வந்து கடைசிப் பத்தியில் நின்றார்.

"'நடந்துவிட்ட தவறைப் பொறுத்தருளி, கருணை கூர்ந்து விடுதலை செய்யுமாறு பணிந்து வேண்டுகிறோம்.' ஏம்மா பட்டம்மா, அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி?"

பட்டம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்துத்தான். ஆக்கிரமிப்பு மனு, அபராத மனு எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுகிற வரி. கை தானாக எழுதியிருந்தது.

ஞானசேகரனுக்குப் போன் போட்டார்.

"விடுங்கக்கா. அந்த வரிய யாரு படிக்கப் போறாங்க?"

"படிச்சிட்டா?"

"படிச்சிட்டா, அறுநூறு பேரு தப்புன்னு ஒத்துக்கினாங்களேன்னு சொல்லுவாங்க."

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுக்க மாட்டேன்னு உள்ள உக்காந்திருக்கு. நான் வெளிய இருந்து எழுதிக் குடுத்துட்டேன்."

மனுவை மட்டும் மாற்றி எழுதவும் வழியில்லை. ஒவ்வொரு தாளின் தலையிலும் அதே வரி. முப்பத்தோரு தாளையும் கட்டி மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். 'பணிந்து' இல்லாமல் ஒரு கடைசிப் பத்தி எழுதுவதற்கு மூன்று தாள் கசங்கியது. நாலாவதில் வந்தது: 'இளமதி குற்றம் எதுவும் செய்யவில்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்டார். அவரை விடுதலை செய்யக் கோருகிறோம்.'

வெள்ளிக்கிழமை மினி பஸ் பிடித்துக் குமராட்சிக்குப் போனார். களையெடுப்பு முடித்துப் பெண்கள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் தவறைப் பட்டம்மாளே சொன்னார்.

"பட்டாவுக்கு எழுதற மாதிரியே எழுதிட்டியாக்கா?" என்றார் அஞ்சுகம்.

"ஆமாண்டி. கைப் பழக்கம்."

"அப்ப நாங்க இன்னாத்துல கையெழுத்து போட்டோம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தப்பு பண்ணிட்டோம், மன்னிச்சிக்கன்னு."

"எங்க ஊட்டுக்காரருகிட்ட கூட அப்டி சொன்னதில்லியே நானு." எல்லோரும் சிரித்தார்கள். "இந்த தடவ மொத்தத்தையும் படிச்சிக் காட்டுக்கா. கேட்டுட்டுதான் போடுவோம்."

பட்டம்மாள் படித்தார். முடித்ததும் யாரும் பேனாவுக்குக் கை நீட்டவில்லை. பின்னால் இருந்த ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "கூலிய மட்டும் எழுதியிருக்க. மேஸ்திரி எங்கிட்ட தப்பா நடந்துக்கினத இளமதிதான் போயிக் கேட்டுச்சி. அதையும் எழுது. எம்பேரப் போட்டே எழுது."

அஞ்சுகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்குள்ளேயே பேசாமல் இருந்த விஷயம் அது. பட்டம்மாள் மதகிலேயே உட்கார்ந்து அந்தப் பத்தியைச் சேர்த்து, மனு முழுவதையும் மறுபடி எழுதி, கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். பிறருக்கு எழுதும் மனுவில் எழுதுகிறவர் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை. இதில் முதல் வரியில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரியைப் பற்றி எழுதச் சொன்னவள் இரண்டாவதாகப் போட்டாள்.

எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் சிலர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். "மொதல்ல பணிவா இருந்துச்சு. இது சண்டைக்குப் போற மாதிரி இருக்கே" என்றார் ஒரு கடைக்காரர். பட்டம்மாள் அவரை வற்புறுத்தவில்லை. ஞாயிறு சாயங்காலம் எண்ணியபோது நானூற்றுத் தொண்ணூற்று நான்கு. மேற்கொண்டு போக நேரமில்லை.

திங்கட்கிழமை கடலூரில் மனுவை வாங்கிய ஊழியர் கடைசிப் பத்தியைப் படித்தார்.

"வேண்டுகிறோம்னு இல்லியேம்மா?"

"இல்ல சார். கோருகிறோம்னு இருக்கு."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்துக் காவல் ஆணை ரத்தானது. மனுவினாலா, ஞானசேகரன் நீதிமன்றத்தில் போட்ட வழக்கினாலா என்று யாருக்கும் தெரியாது. பட்டம்மாள் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. இளமதி குமராட்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அன்று குடையை மடக்கி வைத்துவிட்டு அவரும் அங்கே நின்றிருந்தார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"இன்னாம்மா, தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியா?"

"நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கல மாமா" என்றார் இளமதி. "எனக்காக யாரும் அப்டி எழுதிக் குடுக்கவும் இல்ல."

பெஞ்சுக்காரர் டீயைக் குடித்தார். பட்டம்மாள் இளமதியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பெண்களோடு தெருவில் நடந்தார்.