சுவருக்கு மூக்கு வைத்தவள்

பாக்கியவதி பானைக்குள் ஈரமணலைத் திணித்துக்கொண்டிருந்தாள். கழுத்துவரை மணல் ஏறியதும் இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். பிறகு பானையைக் கவிழ்த்து மடியில் இருத்தி, பழைய கதவாணி ஒன்றை அதன் அடியில் ஊன்றி, ஆற்றுக் கூழாங்கல்லால் பையத் தட்டினாள். மணல் இல்லாமல் தட்டினால் பானை விலா விலாவாகப் பிளந்துவிடும். மணல் இருந்தால் ஆணி பட்ட இடத்தில் மட்டும் பொத்தல் விழும். வட்டம் சுற்றி நாற்பது பொத்தல் போட்டால் அடிப்பாகம் தட்டுப்போலக் கழன்று வரும். காலையிலிருந்து இரண்டு பானைகள் வீணாகிவிட்டன. அதற்குப் பிறகுதான் மணல் யோசனையே வந்தது.

உள்ளேயிருந்து அவள் கணவன் தேவசிகாமணியின் குரல் கேட்டது.

"ஏளா, அங்கன என்ன தட்டுதே? பள்ளிக்கூடத்து மணி கணக்கா இருக்கு."

"சுவருக்கு மூக்கு செய்யுதேன். நீங்க பேசாம கிடங்க. பேசினா இருமல் வரும்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இருமலின் சத்தத்தை வைத்தே அது வறட்டு இருமலா, துப்பச் சிரட்டை எடுத்துக் கொடுக்க வேண்டிய இருமலா என்று அவளுக்குத் தெரியும். இது வறட்டு இருமல். ஆணியை அடுத்த புள்ளிக்கு நகர்த்தினாள்.

அது 1912ஆம் வருஷத்துத் தை மாதம். சீவலப்பேரிக்கு இரண்டு மைல் இப்புறம், வண்டிப்பாதை ஓரத்தில் மிஷன் பள்ளிக்கூடமும், அதை ஒட்டி உபாத்தியாயர் வீடும் இருந்தன. ஒற்றை அறை, மண்சுவர், பனையோலைக் கூரை. கதவைத் தவிர வேறு திறப்பு கிடையாது. தேவசிகாமணி அங்கே ஒன்பது வருஷம் பாடம் சொன்னார். ஆடியில் இருமல் முற்றிப் படுத்தவர், அதற்குப் பிறகு பாடம் சொல்லவில்லை. மார்கழியில் பாளையங்கோட்டை டாக்டரம்மா அவருடைய முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பாக்கியவதியை மட்டும் வெளியே கூப்பிட்டு, க்ஷயம் என்றார்.

"இதுக்கு மருந்து காற்று, வெளிச்சம், பால், முட்டை. இருட்டறையில் போட்டால் அடுத்த மழைக்காலம் பார்க்கமாட்டார்" என்று நேராகவே சொன்னார். துப்புகிற சளியை எரிக்கவேண்டும், படுக்கையை வெயிலில் போடவேண்டும், தரையில் ஈரம் ஆகாது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். பாக்கியவதி எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வந்தாள்.

வீடு மிஷனுடையது. பாடம் சொல்ல முடியாதவருக்கு வீடு இல்லை என்பது வழக்கம். ஆனாலும் சுற்றுவட்டாரச் சபைகளெல்லாம் சேர்ந்த சேகரத்துக்குக் குருவானவரான ஞானசிகாமணி ஐயர் இரக்கமுள்ளவர். வேறு உபாத்தியாயர் வரும்வரை இருந்துகொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார். அதுவரை பள்ளிக்கூடத்தை, ஊர்க் கோவிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் பார்த்துக்கொண்டார். ஐப்பசியிலேயே ஒருவர் வந்து பார்த்தார். கார்த்திகையில் இன்னொருவர் மனைவியோடு வந்தார். அன்று நல்ல மழை. ஒழுகுகிற இடங்களில் வைத்திருந்த சட்டி, செம்பு, உலைமூடி எல்லாவற்றையும் அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணினாள். பதினொன்று. எண்ணி முடித்ததும் புருஷனைப் பார்த்தாள். இருவரும் அதே வண்டியில் திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த ஒழுகல்தான் தங்களுக்குக் காவல் என்று பாக்கியவதிக்கு அப்போது தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஈரத்தில் இந்த மனுஷன் பிழைக்கமாட்டார் என்பதுதான்.

புதிதாக எதுவும் வாங்க வழியில்லை. வீட்டில் கிடந்ததை எடுத்தாள். மேற்குச் சுவரில் முழ ஆழத்துக்கு மூன்று துளை குடைந்து, அடி தட்டிய பானைகளைப் பக்கத்துக்குப் பக்கம் பதித்தாள். வாய் அறைக்குள், அடிப்பக்கம் வெளியே. வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருந்ததால் மழை உள்ளே வராது. சாரல் நாளில் வாயை அடைக்க, நடுவில் ஓட்டை இல்லாமல் வைக்கோல் பிரிமணை மூன்று முறுக்கி வைத்தாள். நான்காவது ஒரு பானையும் அடி தட்டியாகிவிட்டது. அது மிச்சம்.

மிஷன் கோவில் விளக்குக்கு வந்த சீமெண்ணெய்த் தகரங்களை வெட்டி விரித்து, கூரை முகட்டில் ஓலைக்கு அடியில் சொருகினாள். தேவசிகாமணியின் குடையில் துணி போய் வெறும் கம்பிதான் கிடந்தது. அதை விரித்து உத்திரத்தில் தலைகீழாகக் கட்டி, சுற்றிலும் தன் பழைய சேலையைத் தைத்துத் தொங்கவிட்டாள். கொசுவலை ஆயிற்று. கால் ஒடிந்த நாற்காலியைக் கட்டில் தலைமாட்டில் கவிழ்த்துப் போட்டாள். அதன் முதுகு சரிவாக நின்றது. மேலே தலையணை வைத்ததும் அவர் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுவிட முடிந்தது. துப்புவதற்குச் சிரட்டை. அடியில் சாம்பல் போட்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நிரம்பியதை அப்படியே அடுப்பில் போட்டுவிடுவாள். கழுவுகிற வேலையே கிடையாது.

தரைதான் பெரிய பாடு. உடைந்த ஓடுகளை இடித்துச் சலித்து, சுண்ணாம்போடு சேர்த்து, கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். கருப்பட்டி, வண்ணார்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்த தேவசிகாமணியின் அண்ணன் அப்பாத்துரை கொடுத்தது. கசிந்துபோய் விலைக்கு ஆகாத கருப்பட்டி. பத்து நாள் முழங்காலிட்டுக் கூழாங்கல்லால் தேய்த்தாள். தரை கல்போல இறுகியது.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற உலகம்மாள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன வாத்தியாரம்மா, வீட்டுக்கு மூணு மூக்கு முளைச்சிருக்கு. ஜலதோஷம் பிடிச்சா எதை முதல்ல சிந்துவிய?"

"நடு மூக்கை. நீ போற வழியைப் பாரு, குடம் வழியுது" என்றாள் பாக்கியவதி.

பங்குனியில் தேவசிகாமணிக்குச் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. சித்திரையில் வேப்பமரம்வரை நடந்து போய்த் திரும்பினார். ரத்தம் வரவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. பாக்கியவதி அதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. கண்பட்டுவிடும் என்பதால் அல்ல. க்ஷயம் இப்படித்தான் இடையில் ஒருமுறை சிரித்துக்காட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அந்தச் சித்திரையில்தான் ஞானசிகாமணி ஐயர் வந்தார். வாசலில் நின்று பதநீர் குடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இது அந்த வீடுதானா? யார் போட்ட தரை?"

"நாந்தான் ஐயா."

"கூரை?"

"தகரம் சொருகியிருக்கு. கோடை மழையில சொட்டு விழல்ல. இங்கன வந்து நில்லுங்க ஐயா. காத்து தெரியுதா?"

ஐயர் பானை வாய்க்கு எதிரே நின்றார். அவருடைய அங்கி அசைந்தது. பாக்கியவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது மாதமாக ஒருவரும் அவளிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினாள். குடையைக் காட்டினாள், நாற்காலியைக் கவிழ்த்த விதத்தைக் காட்டினாள், பிரிமணையை எடுத்து மூடித் திறந்து காட்டினாள். கட்டிலில் இருந்த தேவசிகாமணி இருமினார். அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்காமல் மறுபடி இருமினார். கண்ணால் என்னவோ சொன்னார். வறட்டு இருமலுமில்லை, மற்றதுமில்லை. அது என்ன இருமல் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"என் வீட்டைவிட நன்றாக இருக்கிறது, அம்மா" என்றார் ஐயர். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு தேவசிகாமணி சொன்னார்:

"ஏளா, ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"ஒழுகல்லியே. ஐயர்கிட்ட பொய் சொல்லவா?"

"பொய் சொல்ல வேண்டாம். காட்டாம இருந்திருக்கலாம்லா."

அவள் கையில் பிரிமணை இருந்தது. அப்போதுதான் புரிந்தது. அதைப் பானை வாயில் வைத்தாள், பிறகு எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

வைகாசி முதல் வாரத்தில் கடுதாசி வந்தது. வீடு சரியாக இருப்பதால் கார்த்திகையில் திரும்பிப் போனவரே வரச் சம்மதித்திருக்கிறார். பள்ளிக்கூடம் இதற்குமேல் உபாத்தியாயர் இல்லாமல் இருக்கமுடியாது. கர்த்தர் உங்களுக்கு வேறு வழி திறப்பார். ஐயரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் சொன்ன சொல்லைத் தாண்டவில்லை.

புது உபாத்தியாயரின் மனைவி வந்து இறங்கியதும் சுவரைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பானையைப் பேத்து எடுத்துரப்போறிய. பிள்ளைகளுக்குக் காத்து வேணும்."

"எடுக்கல்ல. எடுத்தா சுவர் விழுந்துரும்" என்றாள் பாக்கியவதி. மிச்சமிருந்த நான்காவது பானையையும் குடையையும் நாற்காலியையும் வண்டியில் ஏற்றினாள். வைக்கோலைப் பரப்பித் தேவசிகாமணியைப் படுக்கவைத்தாள். வண்டி வண்ணார்பேட்டைக்குப் போய்ச் சேர மாலையாகிவிட்டது.

அப்பாத்துரை தம்பியைத் தன் தோளில் தாங்கி இறக்கினார். இருப்பதில் ஒரு அறையை ஒழித்தும் கொடுத்தார். அது கருப்பட்டி அறை. மூன்று பக்கமும் பரணில் ஓலைப்பெட்டி அடுக்கியிருந்தது. ஜன்னல் கிடையாது, காற்றோட்டத்துக்குச் சிறு ஓட்டைகூடக் கிடையாது. கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்கு வேண்டும்.

பாக்கியவதி மறுநாளே கேட்டாள். "அத்தான், மேற்குச் சுவர்ல ஒரு துளை போட்டுக்கிடட்டா? பானை இருக்கு. நானே போட்டுருவேன், ஆள் வேண்டாம்."

அப்பாத்துரை பரணில் இருந்த பெட்டிகளைக் கைகாட்டினார்.

"சாரல் காத்து வார நேரம், பாக்கியம். காத்து நுழைஞ்சா ஒரே வாரத்தில பூரா கருப்பட்டியும் கசிஞ்சிரும். ஏழு வயிறு அதை நம்பித்தான் கிடக்கு."

"அப்ப முற்றத்தில மரத்தடியில கட்டிலைப் போடுதேன்."

இதற்கு அவருடைய மனைவி இன்பமணி பதில் சொன்னாள். "ஏட்டி, முற்றத்துலதான் யாவாரிமாரு வந்து உக்காருதாவ. இருமல் சத்தம் கேட்டா இந்தக் கருப்பட்டியை எவன் வாங்குவான்? உனக்கே தெரியும்லா."

தெரியும். அதனால் பாக்கியவதி சண்டைக்கு நிற்கவில்லை. வியாபாரிகள் போன பிறகு அந்தியில் ஒரு நாழிகை கதவைத் திறந்துவைப்பாள். மற்ற நேரமெல்லாம் பனையோலை விசிறிதான். வலக்கை ஓய்ந்தால் இடக்கை. நாற்காலி இங்கேயும் உதவியது. குடைவலை உதவவில்லை, காற்றில்லாத இடத்தில் அது புழுங்கியது. அறை முழுக்க இனிப்பு வாடை. சிரட்டைச் சாம்பலைத் தேடிக்கூடக் கட்டெறும்பு வந்தது. பத்தாம் நாள் சாயங்காலக் காய்ச்சல் திரும்பியது. பதினான்காம் நாள் ரத்தம் வந்தது. அவள் சிரட்டையை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

ஆனி பிறந்த பிறகு ஒருநாள் தேவசிகாமணி, "அந்தப் பானை எங்க?" என்றார்.

"கட்டிலுக்கு அடியில கிடக்கு."

"எடுத்துச் சுவத்துல சாத்தி வை, பார்ப்பம்."

மேற்குச் சுவரோடு இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் பானையை வைத்தாள். வாய் அவரைப் பார்த்தது.

"காத்து வருது" என்றார்.

"எங்க வருது? பின்னால சுவரு."

"சும்மா சொன்னேன், ளா. உன் மூக்கு வீணாப் போவுதேன்னு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, அந்த இருமலுக்கு அவள் ஓடிப்போய் முதுகைத் தாங்க வேண்டியிருந்தது. பிடித்த கையில் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஆனி இருபத்திரண்டாம் தேதி முற்பகலில், கவிழ்த்த நாற்காலியில் சாய்ந்தபடியே, அவள் விசிறிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. விசிறியைக் கீழே வைத்தாள். தாடையைக் கட்டினாள், கண்ணை மூடினாள், அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து இன்பமணியைக் கூப்பிட்டாள். சாயங்காலம் அடக்கம் பண்ணினார்கள். மேற்கே பொதிகை மலைப் பக்கம் கறுத்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் நல்ல காற்று. குருவானவரின் புத்தகத்தில் தாள் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் பாக்கியவதி பாயையும் தலையணையையும் பின்பக்கம் கொண்டுபோய் எரித்தாள். விரிப்புகளைச் சோப்புக்காரம் போட்டுக் கொதிக்கவைத்தாள். அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினாள். அப்பாத்துரை விடியுமுன்பே ஆள்வைத்துப் பெட்டிகளை ஆற்றுக்கு அக்கரையில் வேறொருவரின் சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றியிருந்தார். சாவு நடந்த அறையில் கிடந்த சரக்கு என்று பேச்சு வந்துவிடும். பரண் காலியாக இருந்தது.

அவர் வாசலில் வந்து நின்றார்.

"இனி இதுல சரக்கு வைக்க முடியாது. பிள்ளைகளைப் படுக்கப் போடலாம்னு பார்க்கேன்."

"போடலாம். மூணு நாள் வெயில் பட்ட பிறகு."

"வெயில் எப்படி வரும் இதுக்குள்ள?" என்று அவரே கேட்டுவிட்டு, மேற்குச் சுவரைப் பார்த்தார். "அந்தப் பானையை வேணும்னா வச்சிரு, பாக்கியம்."

அவள் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தாள். பிறகு போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். ஆள் வேண்டாம் என்றாள். பழைய சுவர், முழ ஆழம் குடைய உச்சிப்பொழுதாகிவிட்டது. பானையைச் சரிவு பார்த்துப் பதித்து, சுற்றிலும் மண் அப்பி, விரலால் வழித்து விட்டாள். சாரல் காற்று உடனே உள்ளே வந்தது. உத்திரத்தில் இன்னும் அவிழ்க்காமல் தொங்கிய குடைவலை, வெறுங்கட்டிலுக்கு மேலே ஆடியது.

அவள் ஸ்டூல் போட்டு ஏறி அதை அவிழ்த்தாள். சேலையைத் தனியாகப் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். கம்பியைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டு, கைமண்ணைக் கழுவப் போனாள்.