துணியைத் திருப்பிப் பார்த்ததுக்கு முன் வரிசை நாற்காலி

இன்னைக்கு திருப்பதியில சேலைக் கட்டை இறக்கிட்டு, வெயில் தாங்காம மியூசியத்துக்குள்ள பூந்துட்டேன். ஒரு கலைஞர் அம்மா, தான் நூலால நெய்த படங்களைப் பத்திப் பேசிக்கினு இருந்தாங்க. ஏசி ஜில்லுனு இருந்துச்சு. கூட்டத்துக்குக் கடைசியில நின்னுக்கினேன்.

பக்கத்துல ஒரு படம் தொங்குச்சு. நகரியில இருபது வருசமா தறி ஓட்டுற கை சும்மா இருக்குமா? ஓரத்தைப் புடிச்சுத் திருப்பிப் பார்த்துட்டேன்.

"ஏய், தொடாத! வெளிய நட!"ன்னு வாட்ச்மேன் கத்திக்கினே வந்தாரு. கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. கூசிப்போச்சு.

அந்தம்மா பேச்சை நிறுத்தி, "உண்டண்டி, இருங்க, அவரை விடுங்க. அண்ணா, பின்னால என்ன பார்த்தீங்க?"ன்னாங்க.

"முடிச்சும்மா. நீளவாக்குல ஓடுற பாவு நூல் ரெண்டு அறுந்து முடிச்சு போட்டுக்கீறீங்க. எங்க தறியிலகூட இவ்ளோ சுத்தமா வராது."

அவங்க சிரிச்சிட்டாங்க. "அந்த முடிச்சோட ஒரு நாள் பூரா மல்லுக்கட்டினேன். இதுவரைக்கும் யாருமே பின்பக்கம் பார்த்ததில்ல. முன்னால வந்து உக்காருங்க, அதை எல்லாருக்கும் சொல்லுங்க"ன்னு மைக்கை என் கையில குடுத்துட்டாங்க.

அதே வாட்ச்மேன்தான் நாற்காலி போட்டாரு. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்.

பெருமையா வீட்டுல சொன்னேன். சம்சாரம் கேக்குறா: "ஊரான் துணியெல்லாம் திருப்பிப் பாக்குற, அடுப்புல தோசை கருகுதே, அதைத் திருப்ப மாட்டியா?"

நான் போய் தோசையைத் திருப்பிட்டு வர்றேன்பா.