திருநீறு அழிந்த செல்

எட்டு விசைத்தறி ஒன்றாக ஓடினாலும், எதில் நூல் அறுந்தது என்று காதாலேயே சொல்லிவிடுவேன். படித்தது இரண்டாவதுதான். அப்படிப்பட்ட என்னையும் திருத்தணி தாலுகா ஆபீஸ் வராண்டாவில் ஒருவர் திண்டாட வைத்துவிட்டார்.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் காது மெஷின், உள்ளங்கையில் அதற்கான இரண்டு பேட்டரி செல். சார்ஜ் ஏற்றிய செல்லுக்குத் திருநீறு பூசி வைப்பாராம், தீர்ந்ததும் துடைத்துவிடுவாராம். அன்றைய வியர்வையில் இரண்டிலும் திருநீறு அழிந்திருந்தது.

“இப்டி குடு, நான் சொல்றேன்” என்று வாங்கித் தரையில் போட்டேன். துள்ளினால் காலி என்பது நானே கண்ட வித்தை.

“இது சார்ஜ் போட்ற செல்லு நைனா. நெறஞ்சிருந்தாலும் தீந்திருந்தாலும் ஒரே மாதிரிதான் குதிக்கும்” என்று சிரித்தார்.

ஒன்றைப் போட்டார், காது கேட்டது. எவ்வளவு நேரம் தாங்குமோ என்று உடனே அணைத்தார்.

“பேரு கூப்ட்டா தட்டு நைனா. வுட்டுட்டா நாளைக்கும் அம்மையார்குப்பத்துலேர்ந்து வரணும்.”

“ஆங்” என்று தலையாட்டினேன். அவர் பெயர் என்ன என்று கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளே யாரைக் கூப்பிட்டாலும் தட்டினேன். அவர் மெஷினைப் போட்டு, “என்னா பேரு?” என்பார், சொன்னதும் உதட்டைப் பிதுக்கி அணைப்பார். இத்தனை தட்டியபின் பெயர் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பதற்றத்தில் அவரைத்தான் தட்டினேன்.

“நம்புளுது இல்ல நைனா” என்று அணைத்துவிட்டார்.

எழுந்து போக மனம் வரவில்லை. நான் போய்விட்டால் அவரை யார் தட்டுவது?