அப்பா படையலில் என் மோட்டார்

காரிய வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று அன்றைக்கு ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுத்தார்கள். எனக்குத் தெரியாதா? செத்தவர் என் அப்பா. ஏன் இவள் இப்படிக் கத்துகிறாள் என்று ஒருத்தராவது கேட்டார்களா என்றால், இல்லை. யாரும் கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் கிள்ளானில் தம்பி வீட்டில் நடந்தது. கடைசிக் காலத்தில் அவர் அங்கேதான் இருந்தார். நான் கல்யாணம் ஆனதிலிருந்து டெங்கிலில். முதல் நாள் தம்பி போன் பண்ணி, "அக்கா, பிரிக்பீல்ட்ஸ்ல மாலை சொல்லி வாங்கிட்டு வந்துரு. பெருசா ரெண்டு" என்றான்.

"ஒரு படத்துக்கு எதுக்குடா ரெண்டு?"

"இருக்கட்டும்லா, வாங்கிட்டு வா."

வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு காரில் போனேன். சம்பங்கியும் ரோஜாவும் நெருக்கிக் கட்டிய மாலைகள், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். அந்த இரண்டாவது மாலையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாசலில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, சொந்தக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். படையலில் ஆட்டுக்கறி, அவித்த முட்டை, அப்பா குடிக்கிற கருப்பு பீர், சிகரெட் பெட்டி, எல்லாம் இருந்தது. பக்கத்தில் துணி போட்டு எதையோ மூடி வைத்திருந்தார்கள். நாற்காலி மிச்சமோ என்னவோ என்று நான் கண்டுகொள்ளவில்லை. பூசை ஆரம்பிக்கும் முன்னால் தம்பி நடுவில் வந்து நின்றான். எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, துணியைப் பிடித்து இழுத்தான்.

மோட்டார். பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். கல்யாண ரவிக்கை மாதிரி மினுமினுக்கிற சிவப்புப் பெயின்ட் அடித்து, கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தான். நான் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்த இரண்டாவது மாலையை எடுத்து அதன் ஹேண்டிலில் போட்டான். அப்பாவின் படத்தை சீட்டின் மேல் சாய்த்து வைத்தான்.

"இது அப்பா சாயாங்கா, உசுரா வச்சிருந்த மோட்டார். அவர் ஆசைப்பட்ட மாதிரியே ரெடி பண்ணிட்டேன். ஆனா பாக்கத்தான் அவர் இல்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பொம்பளைகள் உச்சுக் கொட்டினார்கள். ஆம்பளைகள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

நான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். பிள்ளைகளின் பிறந்த நாள்கூடச் சில சமயம் எனக்குத் தடுமாறும், அந்த நம்பர் தடுமாறாது. அது என் மோட்டார்.

என் மோட்டார் என்றால், சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. சுங்கை வேயில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நின்று நின்று கால் வீங்கி, நான் வாங்கிய மோட்டார். அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் தெருவில் அந்த மாதிரி கியர் மோட்டார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். கறுப்பு நிறம். கிக்கரை ஒரு உதை விட்டால் போதும், நாலு வீடு தள்ளித் துணி காயப்போடுகிற அக்காகூட மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாள். இந்தப் பெண்ணை எவன் கட்டுவான் என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஹெல்மெட் போட்டால் யார் பேசுவதும் காதில் விழாது.

அப்பாவுக்கு நான் வேலை செய்த இடத்துக்கு நாலு கதவு தள்ளி இன்னொரு ஃபேக்டரியில் செக்யூரிட்டி கார்டு வேலை. பஸ்ஸை நம்பினால் வாரத்தில் ரெண்டு நாள் லேட். அதனால் என்னோடு வந்தார். அவருக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாது என்ன, உட்காரவே பயம். பெடரல் ஹைவேயில் மோட்டார் பாதையில் போகும்போது, என் சட்டையைப் பின்னாலிருந்து அவர் பிடித்த பிடியில் பட்டன் அறுந்து போகும். "மெதுவா தாயி, மெதுவா தாயி" என்று வழி நெடுக முனகிக்கொண்டே வருவார். பாவமாக இருக்கும். ஒரு பட்டறையில் கொடுத்து, பின் சீட்டுக்குப் பின்னால் வளைந்த கம்பி ஒன்று வெல்டிங் வைத்தேன், அவர் பிடித்துக்கொள்ள. மழை வந்தால் பாலத்துக்கு அடியில் நிறுத்துவோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்குப் பாதி சாப்பிடுவோம். நெத்திலியை எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால், புருஷன் பிள்ளைகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அந்தப் பாலத்தடிதான்.

கல்யாணம் பேசி முடிந்ததும் அப்பா சொன்னார், "கட்டிக்கிட்டுப் போற பொண்ணு மோட்டார்ல போய் எறங்குனா நல்லாவா இருக்கும்? தம்பி ஓட்டட்டும். ஒனக்கு எப்ப வேணுமோ வந்து எடுத்துக்க." சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, மோட்டார் இருந்தால் உதவியாக இருக்குமே என்று கேட்டேன். அதைப் பழைய இரும்பு லோரிக்குப் போட்டாயிற்று என்று தம்பி சொன்னான். அன்றைக்கு அடுப்படியில் நின்று நான் அழுத அழுகையில், ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் குளித்த ஈரத்தோடு ஓடி வந்தார்.

இரும்பு லோரிக்குப் போன மோட்டார் இப்போது மாலை போட்டுக்கொண்டு படையலில் நிற்கிறது.

என் பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு நேர் இளையவர். அவர் பின் வரிசைக்குத் திரும்பி, "எங்கண்ணன் இந்த மோட்டார்ல வந்து எறங்குனா பிரிக்பீல்ட்ஸே திரும்பிப் பாக்கும்லா" என்று கதை விட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன், அப்ப நான் ஈப்போவுல இல்ல இருந்தேன். அண்ணன்தான் சொல்வாரு."

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. தம்பி கட்டிவிட்ட கதை என்றே நினைத்தேன். பூசை முடியட்டும், காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்பாவுக்காகத்தான் அந்தப் பொறுமை. இல்லாவிட்டால் துணியை இழுத்த கையை அப்போதே முறித்திருப்பேன்.

காக்காய்க்கு வைத்துவிட்டு உள்ளே வந்தவனை வழிமறித்தேன்.

"இது யாரு மோட்டார்டா?"

"அக்கா, ஆளுங்க இருக்காங்க. அப்பறம் பேசலாம்."

"இரும்பு லோரிக்காரன் திருப்பிக் கொண்டாந்து குடுத்தானா?"

சித்தப்பா எழுந்து வந்து, "காரிய வீட்ல என்னம்மா இது, நாலு பேரு சிரிக்கிற மாதிரி" என்றார். தம்பி பெண்டாட்டி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணி, மாமா ஞாபகமா உங்க தம்பி ஆசையாச் செஞ்சிருக்காரு. இந்த வயசுல உங்களுக்கு மோட்டார் எதுக்கு?" என்றாள். எனக்கு என்ன வயதாகிவிட்டது? இவளுக்கு மட்டும் நாளுக்கு நாள் குறைகிறதாமா?

"மாமா ஞாபகமா? உங்க மாமா இதை ஓட்டுனாரா? எங்க, ஓட்டுனதைப் பாத்தவங்க ஒருத்தரு கையைத் தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. தம்பிதான் முனகினான். "அப்பா ஓட்டாமலா..."

நான் அவன் காலரைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் மோட்டாரின் பின்பக்கம் நிறுத்தினேன். நான் வெல்டிங் வைத்த கம்பி அங்கேயே இருந்தது. மடையன், அது ஒரிஜினல் சாமான் என்று நினைத்துக் குரோம் பூசிப் பளபளவென்று வைத்திருந்தான்.

"இது என்னடா?"

"பின்னாடி பிடிக்கிற கம்பி."

"யாரு பிடிக்க? ஓட்டுறவன் பின்னாடி கையை வளைச்சு இதைப் பிடிச்சிக்கிட்டா ஓட்டுவான்? அப்பா விழுந்துரக் கூடாதுன்னு நான் வச்ச கம்பிடா இது. அவர் என் பின்னாடி உக்காந்து வந்தாரு. தெனமும் வந்தாரு. நான் ஓட்டுனேன், அவர் உக்காந்து வந்தாரு!"

சித்தப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அதோடு விட மனம் வரவில்லை. அப்பாவின் படத்தை எடுத்துத் தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்தேன். மாலையைக் கழற்றினேன். காரியத்தில் போட்ட மாலையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஏதோ ஆகும் என்று எல்லோரும் ஐயையோ என்றார்கள். அது நான் வாங்கிய மாலை. "சாவியைக் குடு" என்றேன்.

தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. சுற்றிலும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தான். வந்தவன் நேராக என்னைத் தாண்டிப் போய், "இந்தாங்க மாமா, நீங்களே ஓட்டிட்டுப் போங்க" என்று என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான்.

எப்படி இருக்கும் எனக்கு? என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், சைக்கிளில்கூட நேராகப் போகமாட்டார். அவரும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, "லோரி சொல்லி ஏத்திரலாமா?" என்று என்னைப் பார்க்கிறார். அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். நகம் பட்டுக் கீறிவிட்டது, பிறகுதான் பார்த்தேன்.

மோட்டாரைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தபோது தம்பி பின்னாலேயே வந்தான். யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, நான் பொய் சொன்னது தப்புதான். ஆனா நானாச் சொல்லல. அப்பாதான் சொல்லச் சொன்னாரு" என்றான்.

"என்ன சொல்லச் சொன்னாரு?"

"இரும்புக்குப் போட்டாச்சுன்னு. நீ திரும்ப வந்து கேப்பேன்னு அவருக்குத் தெரியும். பின்கட்டுல போட்டு மூடி வைக்கச் சொன்னாரு. அப்பறம் என் பசங்க கேட்டப்ப, தாத்தா ஓட்டுன மோட்டார்னு அவராத்தான் சொன்னாரு. என் கூட்டாளிங்க கிட்டயும் அதையேதான் சொன்னாரு. நான் என்ன பண்றது, அவர் முன்னாடி இல்லன்னு சொல்லச் சொல்றியா?"

"ஏன்டா? ஏன் அப்படிச் சொன்னாரு?"

அவன் ஹேண்டிலில் ஒட்டியிருந்த ரோஜா இதழைத் தட்டிவிட்டான். சொல்ல வேண்டியதும் இல்லை. சுங்கை வேயில் அவருடைய ஃபேக்டரி கேட்டுக்கு முந்தின முனையிலேயே, "இங்கயே நிப்பாட்டு தாயி, கொஞ்சம் நடந்தா காலுக்கு நல்லது" என்று இறங்கிவிடுவார். இத்தனை வருஷமும் நான் அது கால் வலி என்றே நினைத்திருந்தேன். அவர் கேட்டுக்குள் நுழைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஒரு நாள்கூடத் திரும்பிக் கையாட்டியது இல்லை.

மோட்டாருக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போனேன். தம்பி பெண்டாட்டி படத்தைப் படையலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் வைத்திருந்தாள். அப்பா சிரித்த முகமாகத்தான் இருந்தார். அதற்கு முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

"ஏம்பா, எம் பின்னாடி உக்காந்து வந்தது ஒங்களுக்கு அவ்வளவு கேவலமாவா இருந்துச்சு?"

சித்தப்பா என்னை உட்காரச் சொன்னார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் எதையும் வாங்கவில்லை. வெளியே வந்து கிக்கரை உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. கூடாரம் முழுக்கப் புகை. இருமட்டும் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டுக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் காரில் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். வழி முழுக்க அழுதேன் என்று பிறகு அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அழவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது மோட்டார் டெங்கிலில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. மீன், காய்கறி வாங்கப் பாசாருக்கு அதில்தான் போகிறேன். மீன்காரனிலிருந்து பெட்ரோல் ஸ்டேஷனில் நிற்கிற பையன் வரை எல்லோரும் பார்த்துவிட்டு, "ஆன்டி, நல்ல மோட்டார்லா. அங்கிளோடதா?" என்று கேட்கிறார்கள். என்னுடையது என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காவிட்டாலும் பின்னால் இருக்கிற கம்பியைக் காட்டி, "இதைப் பிடிச்சிக்கிட்டு எங்கப்பா என் பின்னாடி உக்காந்து வருவாரு" என்றும் சொல்கிறேன். ஊர் முழுக்கச் சொல்லப் போகிறேன். அவருக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.