சிவப்புப் பொட்டு வரைக்கும்

எங்கள் வீட்டில் பாட்டு என்பது பாச்சை உருண்டை வாசனையோடுதான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பழைய திரைச்சீலையில் அம்மா தைத்துப் போட்ட உறையை அப்பா தூக்கியதும் முதலில் அந்த நெடி வரும். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தூசி லேசாகக் கருகும் வாசனை வரும். அதற்கப்புறம்தான் பாட்டு வரும்.

அப்பா ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயரும், என் தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் குவார்ட்டர்ஸின் முன்னறையைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றன. அதற்கு எங்கள் வரிசையில் "செட்டு" என்று பெயர். வாரம் தவறாமல் பெயிண்ட் பிரஷால் தூசி தட்டுவார், ஒயர் முனைகளைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைப்பார். மழைத்தண்ணீர் வாசற்படி ஏறிய ஒரு வருஷம் செட்டு கட்டில்மேல் பத்திரமாக இருந்தது, நானும் அம்மாவும் விடிய விடிய நாற்காலியில் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அந்தப் "பொட்டு". வால்யூம் குமிழைச் சுற்றிப் பத்து வரை எண் இருக்கும். அதில் மூன்றுக்கு நேராக அம்மாவின் சிவப்பு நெயில் பாலிஷால் அப்பா ஒரு புள்ளி வைத்திருந்தார். குமிழ் அதைத் தாண்டக் கூடாது. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், நைட் ஷிஃப்ட் முடித்த பக்கத்து வீட்டு மாமா தூங்கிக்கொண்டிருப்பார். அவர் ஊருக்குப் போயிருந்த நாளிலாவது வைக்கலாம் அல்லவா? அதுவும் கிடையாது. "அளவா ஓட்டினா மெஷின் ஆயுசுக்கும் வரும். உனக்குன்னு சொந்த வீடு வரட்டும், அப்போ எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கோ" என்பார். டீக்கடை ரேடியோ இதைவிடச் சத்தமாகப் பாடும். அவ்வளவு பெரிய பெட்டிகளை வைத்துக்கொண்டு காதை ஒட்டவைத்துப் பாட்டுக் கேட்ட பிள்ளை ஆவடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரே ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் கேட்டுவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது.

அப்பா ஓய்வுபெற்றுத் திருவேற்காட்டில் வாடகைக்குப் போனார். வீட்டுக்காரர் மாடியில் இருந்ததால் பொட்டுவரைகூடத் திருப்பவில்லை. போன வருஷம் சென்னீர்குப்பத்தில் நான் ஃபிளாட் வாங்கினேன். சொன்ன சொல் தவறாமல் செட்டை அனுப்பிவைத்தார். ஆசையாக உறையை எடுத்து ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றித் தொட்டால், விளிம்பைச் சுற்றியிருந்த ஃபோம் ஊறிய பிஸ்கட்டாகக் கையோடு வந்துவிட்டது.

குமணன்சாவடியில் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தேன். "அக்கா, இந்த ஃபோமு பாடினாலும் பொடியாப் பூடும், பாடாங்காட்டியும் பொடியாப் பூடும். நீங்க ஃபுல்லா வெச்சுக் கேட்டிருந்தாலும் இன்னிக்கு இங்கதான் வந்துகினு இருப்பீங்க" என்றார். அவர்மேல் என்ன தப்பு? ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் எதற்காக விட்டுக்கொடுத்தோம்? இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெக்கானிக் புது ஃபோம் ஒட்டி, ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துப் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார். அப்பாவை அழைத்துவந்து எதிரில் உட்காரவைத்து, குமிழை ஏழு வரை திருப்பினேன். தரை அதிர்ந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பாடியது. திரும்பிப் பார்த்தால் அப்பா பாட்டைக் கேட்கவில்லை. பக்கத்து ஃபிளாட்டின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் எழுந்துவந்து குமிழைச் சுற்றி விரலால் தடவினார்.

"பொட்டு எங்கேம்மா?"

"மெக்கானிக் துடைச்சிட்டாருப்பா."

"நெயில் பாலிஷ் இருந்தா எடுத்துட்டு வா."

"இல்லைப்பா" என்றேன். உள்ளே என் மகளின் மேசையில் நாலு பாட்டில் இருக்கிறது.