நாலு மாடி, ஒரு சிவப்புச் சாவி

பழைய பாணிக் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டுக்கு மேப், அதாவது ஆடுகிற இடம், போடுவது என்றால், நாமே கட்டிடம் கட்டி, நாமே அதில் அரக்கர்களைக் குடிவைத்து, ஆடுகிறவர் தொலைந்துபோனால் நாமே திட்டும் வாங்கிக்கொள்வது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு இந்த வேலை. நான் படித்த ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு எப்போதும் பூட்டுதான். இப்போது பாப்பாவைக் கிரெச்சில் விட்டுவிட்டு, நெமிலிச்சேரியில் ரயிலேறி வந்து பேய் பங்களா கட்டுகிறேன். முதல் தடவையாக ஒரு நாலு மாடி மேப்பை முழுசாக என்னிடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் தலைமை டிசைனர் பென்னட் சார் ஆடிப் பார்ப்பார். அவரால் கடைசிவரை போக முடியாவிட்டால் விளையாட்டிலிருந்தே மேப்பைத் தூக்கிவிடுவார்கள். என்னைப் போல் மேப் போட்டு நொந்த மக்களே, உங்களுக்குப் புரியும் அந்த வாரம் எப்படிப் போயிருக்கும் என்று.

பக்கத்தில் ஒரு மாடி

விளையாட்டை ஓட்டுகிற எங்கள் பழைய காலத்து எஞ்சின் மென்பொருளில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்க முடியாது. அதனால் முதல் மாடியைத் தரைத்தளத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் தள்ளிக் கட்டுவோம். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஆடுகிறவரை அவருக்கே தெரியாமல் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவோம். மாடியேறிவிட்டதாக நினைத்துக்கொள்வார், பாவம்.

இதை என் வீட்டுக்காரரிடம் பெருமையாக விளக்கினேன். பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே கேட்டவர் சொன்னார்: “நம்ம ஃபிளாட்டக் கட்டினவன் காதுல இதப் போட்டுடாத. அடுத்த பிளாக்க இப்படித்தான் கட்டுவான்.”

வழி தெரியாத அரக்கன்

மேப்பை முதலில் ஆடிப் பார்ப்பவன் எங்கள் டெஸ்டர் தாஸ், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டான். எல்லா மாடியும் ஒரே சுவர், ஒரே கதவு. “இன்னாக்கா இது, எந்த மாடின்னே தெரில. அரக்கனே வழி கேட்டுகினு கீறான்.”

டிரம் இருக்கிற மாடி

அன்று சாயங்காலம் எங்கள் ஃபிளாட்டில் தண்ணீர் கேன் போடுகிற அண்ணன், மாடி நம்பரே பார்க்காமல் ஏறுவதைக் கவனித்தேன். கேட்டதற்கு, செருப்பு ஸ்டாண்டு வந்தால் முதல் மாடி, மூன்று சக்கர சைக்கிள் வந்தால் இரண்டாவது என்றார்.

மறுநாள் ஒவ்வொரு படிக்கட்டு முடிவிலும் ஒரு சாமான் வைத்தேன். முதல் மாடியில் உடைந்த சிலை, இரண்டில் துருப்பிடித்த டிரம், மூன்றில் வானம் தெரிகிற பால்கனி, நாலில் பெரிய சிவப்புக் கதவு. தாஸ் இந்த முறை ஹெட்போனைக் கழற்றவில்லை. “இப்ப ஓகேக்கா. டிரம்மாண்ட வந்தா ரெண்டாவது மாடி, எங்க ஊட்டு வாசல் மாரி.”

சாவி எங்கே?

வியாழக்கிழமை. நாலாவது மாடி சிவப்புக் கதவைத் திறக்க சிவப்புச் சாவி வேண்டும். தாஸ் மேப் முழுக்கத் தேடிவிட்டான், கிடைக்கவில்லை. அவனுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே நான் எடுத்துக்காட்டப் போனேன். சாவி, சிவப்புக் கதவுக்கு உள்ளே இருந்தது.

இந்த வேலையில் இருப்பவர்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். மேப் போடும்போது நமக்குச் சுவரைத் துளைத்து நடக்கிற சலுகை உண்டே. அத்தனை நாளும் நான் பூட்டிய கதவுக்குள் ஆவி மாதிரி போய் வந்துகொண்டிருந்திருக்கிறேன். தாஸ் சிரிக்கக்கூட இல்லை. “சாவிய உள்ள வெச்சிட்டு ஊட்டப் பூட்டிகினு வந்துட்டியேக்கா.”

வெள்ளிக்கிழமை

சாவியைப் பால்கனிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். சாவியை எடுத்ததும் பக்கத்துச் சுவர் திறந்து அரக்கர்கள் பாய்கிற மாதிரி செய்து, இந்த முறை சலுகை எதுவும் இல்லாமல் நானே ஆடிப் பார்த்தேன்.

பென்னட் சார் ஆட உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன். பால்கனியில் சாவியை எடுத்தார், சுவர் திறந்தது, செத்தார். மறுபடி வந்தார், படிக்கட்டுவரை ஓடினார், அங்கேயும் செத்தார். அடுத்த தடவை சிவப்புக் கதவு திறந்து, ஒருவழியாக வெளியே போய்விட்டார். நாற்காலியைத் திருப்பினார். “ரெண்டு தடவ செத்தேன், ஒரு தடவகூட வழி தப்பல. மேப் இருக்கட்டும்மா, எடுக்க வேணாம்.”

ஆளைக் கொல்லலாம், அலையவிடக் கூடாது. எங்கள் தொழில் தர்மம் அவ்வளவுதான்.